குசாமாவின் தாள் ஓவியங்கள்



என்னை அழைத்த நுண்கலைத் துறையினருக்கும், ஓவியத்துக்கென்றே ஓர் அறக்கட்டளையை நிறுவி ஆண்டுதோறும் ஒருவரைப் பேச வைக்கும் குடும்பத்தாருக்கும் முதலில் நன்றி. நம்மிடையே அறக்கட்டளைகள் பெரும்பாலும் இலக்கியத்துக்கும் சமயத்துக்கும்தான் அமைகின்றன. ஓவியத்துக்கு அமைவது அரிது. அந்த அரிய மேடையில், உலகமே பெயரறிந்த ஒரு கலைஞரின் அதிகம் பார்க்கப்படாத படைப்புகளைப் பற்றிப் பேச விரும்பினேன். துறையினர் உடனே ஒப்புக்கொண்டார்கள்.

யயோய் குசாமா. பெயர் தெரியாதவர்கள்கூட அவருடைய படைப்புகளைக் கைப்பேசியில் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். கறுப்புப் புள்ளிகள் இட்ட மஞ்சள் பூசணி அவருடையது. சுற்றிலும் கண்ணாடி பதித்து, விளக்குகள் முடிவில்லாமல் விரிந்துகொண்டே போவதுபோல் தோன்றும் அறைகள் அவருடையவை. லூயி விட்டான் நிறுவனத்தின் கைப்பைகளில் 2012இலும் 2023இலும் வந்த புள்ளிகளும் அவருடையவை. ஜப்பானின் நவோஷிமா தீவில், கடலுக்குள் நீண்ட மேடையின் நுனியில் 1994இல் வைத்த பூசணியை 2021 ஆகஸ்டில் புயல் அடித்துச் சென்றபோது உலகம் முழுவதும் அது செய்தியானது. அடுத்த ஆண்டு புதிய பூசணி அதே இடத்தில் வைக்கப்பட்டது. அதுவும் செய்தியானது.

இந்தப் புகழை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. நியூயார்க்கில் வறுமையிலும், டோக்கியோவில் புறக்கணிப்பிலும் பல பத்தாண்டுகள் கழித்த ஒரு பெண்மணிக்கு இந்தப் புகழ் காலம் தாழ்த்தி வந்த நீதி. ஆனால் கண்ணாடி அறைக்குள் ஒரு பார்வையாளருக்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு தெரியுமா? பல அருங்காட்சியகங்களில் அரை நிமிடம். தாராளமாக இருந்தால் ஒரு நிமிடம். வரிசையில் மணிக்கணக்கில் நின்றவர், உள்ளே போனதும் கைப்பேசியை எடுத்துத் தன்னைப் படம் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறார். அதே கண்காட்சியில், பக்கத்து அறையில், மங்கிய விளக்கின் கீழே கையகல, முழ அகலத் தாள்கள் தொங்கும். அங்கே வரிசை இருக்காது, காவலர் நேரம் பார்க்க மாட்டார். குசாமா அங்கேதான் இருக்கிறார் என்பது என் துணிபு. இன்றைய பேச்சு முழுவதும் அந்த அறையைப் பற்றியதுதான்.

அவர் பிறந்தது 1929 மார்ச் 22இல், நாகானோ மாநிலத்தின் மாட்சுமோட்டோ நகரத்தில். சுற்றிலும் மலைகள். குடும்பத்துக்கு விதைப் பண்ணையும் நாற்று வியாபாரமும் இருந்தன. வசதியான வீடு, நிம்மதியில்லாத வீடு. பத்து வயதை ஒட்டிக் கண்முன் இல்லாதவை தோன்றத் தொடங்கின. வயலில் பூக்கள் மனித முகம் கொண்டு பேசின என்று பின்னாளில் எழுதியிருக்கிறார். பெண் பிள்ளை ஓவியராவதில் தாய்க்கு விருப்பமில்லை. வரைந்த தாளைப் பிடுங்கிக் கிழித்தார். திரையில் முதலில் காட்டிய படம் 1939இல் பென்சிலால் வரைந்தது. கிமோனோ அணிந்த ஒரு பெண், கண் மூடியவர் போல. தாய் என்றே பலரும் கொள்கிறார்கள். முகத்தின் மேலும் ஆடையின் மேலும் பின்புலத்திலும் வேறுபாடில்லாமல் புள்ளிகள். வரைந்த கைக்கு வயது பத்து.

போர்க்காலத்தில் பள்ளிப் பிள்ளைகளை ஆலை வேலைக்கு அனுப்பினார்கள். குசாமா பாராசூட் துணி தைத்தார். போர் முடிந்து 1948இல் கியோட்டோ நகராட்சிக் கலைப் பள்ளியில் சேர்ந்து நிஹோங்கா கற்றார். தாதுப்பொடிகளைப் பசையில் குழைத்துத் தாளிலோ பட்டிலோ தீட்டும் மரபு அது. ஆசிரியர்களின் கட்டுப்பாடு அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அங்கே தீட்டிய ‘வெங்காயங்கள்’ என்ற 1948ஆம் ஆண்டுப் படத்தை ஓவிய மாணவர்கள் பார்க்க வேண்டும். வெங்காயத்தின் தோல், அதன் மெல்லிய கோடுகள், பளபளப்பு எல்லாம் மரபுக்குக் கட்டுப்பட்ட நுட்பத்தோடு இருக்கின்றன. கீழே உள்ள கட்டங்கள் மட்டும் அடங்க மறுத்து நெளிகின்றன. படிப்பாளியின் கை ஒரு பக்கம், அடங்காத மனம் ஒரு பக்கம். புள்ளி வைப்பது யாருக்கும் எளிது என்று சொல்பவர்களுக்கு இந்தப் படம் ஒன்றே போதும்.

இரண்டாண்டு கழித்து, 1950இல், பள்ளியும் மரபும் பின்னுக்குப் போய்விடுகின்றன. ‘பிணங்களின் குவியல்’ என்ற ஓவியம். தன்னிலிருந்து தானே விலகிப்போகும் உணர்வைத் திரைச்சீலையாகவும், அதற்குள் அகப்பட்டவரைக் கைதியாகவும் சொல்லும் நீண்ட துணைத்தலைப்பும் அதற்கு உண்டு. இப்போது டோக்கியோவின் தேசிய நவீன கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கேன்வாஸ் வாங்க வழியில்லாத காலம். வீட்டு விதைச் சாக்கை எடுத்து விரித்து, அதன்மேல் எண்ணெய் வண்ணத்தையும் எனாமலையும் பூசியிருக்கிறார். சிவப்பும் கறுப்புமாகத் தடித்த மடிப்புகள் குடல் சுருள்வதுபோல் வளைந்து வளைந்து உள்ளே இறங்குகின்றன. நடுவில் சிறு திறப்பு. அதில் இலையுதிர்ந்த இரண்டு மரங்கள். அவ்வளவுதான் வெளியுலகம். தோற்ற நாட்டின் ஒரு மலை நகரத்தில், இருபத்தொரு வயதுப் பெண் தன் வீட்டு வியாபாரத்தின் சாக்கில் இதைத் தீட்டினாள் என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஹிரோஷிமாவுக்குப் பிறகு ஐந்தாண்டுகள்தான் ஆகியிருந்தன. பின்னாளில் முடிவிலி என்ற பெயரில் அவர் எழுப்பிய எல்லா அறைகளையும்விட இந்தச் சாக்குத்துணிக்குள் ஆழம் அதிகம் என்று நான் கருதுகிறேன். கண்ணாடி அறையில் பார்வை வெளியே விரிந்துகொண்டே போகிறது. இங்கே அது உள்ளே இழுக்கப்படுகிறது. திரும்பி வர வழி தெரியவில்லை.

அதன் பிறகு தாள்தான். 1952 மார்ச்சில் மாட்சுமோட்டோவில் அவருடைய முதல் தனிக்கண்காட்சி நடந்தது. இருநூற்றுக்கும் மேற்பட்ட படைப்புகள். அக்டோபரில் இன்னொன்று, ஏறக்குறைய அதே அளவில், பெரும்பகுதி புதிய படங்களோடு. மை, நீர்வண்ணம், குவாஷ், பாஸ்டல் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் ஒரே தாளில் சேர்க்கிறார். பாஸ்டலின் பொடி படிந்த இருளுக்கு நடுவே, கருமுட்டை போலவும் தொலைதூர விண்மீன் போலவும் ஒன்று ஒளிர்கிறது. விதையா, கோளா, கண்ணா என்று தீர்த்துச் சொல்ல முடியாது. விதைப் பண்ணை வீட்டில் வளர்ந்தவருக்கு, ஒரு சிறு உருண்டைக்குள் ஒரு செடி முழுவதும் மடங்கிக் கிடக்கும் என்பது கண்ணால் கண்ட உண்மை. ‘அணுகுண்டு’ என்று 1954இல் தலைப்பிட்ட ஒரு தாளும் இந்த வரிசையில் உண்டு. இவற்றின் நிறங்களை அச்சுப் புத்தகம் முழுதாகக் காட்டாது. இன்று திரையிலும் நீங்கள் பாதியைத்தான் பார்த்தீர்கள்.

அந்த முதல் கண்காட்சிக்கு ஷிஹோ நிஷிமாரு என்ற மனநல மருத்துவர் வந்தார். படங்களைப் பார்த்து வியந்து, மருத்துவர்களின் கூட்டமொன்றில் அவற்றைப் பற்றி உரை நிகழ்த்தினார். குசாமாவுக்குத் தன் நிலையைப் புரிந்துகொள்ள அது உதவியது. வீட்டைவிட்டு வெளியேறும்படியும் அவர் அறிவுரை சொன்னார். ஆனால் அன்று தொடங்கி இன்றுவரை, நோயின் கதையே ஓவியத்துக்கு விளக்கமாகிவிட்டது. புள்ளி தெரிந்தது, ஆகவே புள்ளி வைத்தார் என்று எல்லாப் பத்திரிகைகளும் ஒரே வாக்கியத்தை எழுதுகின்றன. நோய் ஓர் ஓவியத்தின் பிறப்பிடத்தைச் சொல்லலாம். பச்சைக்குப் பக்கத்தில் எவ்வளவு கருமை வேண்டும், தாளின் எந்த மூலையை வெறுமையாக விட வேண்டும் என்பதை நோய் தீர்மானிப்பதில்லை. தேர்ந்த கையும் கண்ணும் தீர்மானிக்கின்றன. கவிஞரும் விமர்சகருமான ஷூசோ தகிகுச்சி போன்றவர்கள் அக்காலத்திலேயே இவரை ஓவியராகவே மதித்து ஆதரித்தார்கள். நாமும் அந்த வழியில் பார்ப்போம்.

1955இல், ஒரு புத்தகத்தில் ஜார்ஜியா ஓ’கீஃபின் ஓவியத்தைக் கண்டு, டோக்கியோ வரை ரயிலேறி அமெரிக்கத் தூதரகத்தில் முகவரி தேடி, அவருக்குக் கடிதம் எழுதினார். கூடவே சில நீர்வண்ணப் படங்களையும் அனுப்பினார். அறிமுகமே இல்லாத அந்த மூத்த ஓவியர் பதில் எழுதினார். அந்தப் பதில் தந்த துணிவோடு 1957 இறுதியில் குசாமா சியாட்டல் போனார். பெட்டியில் பட்டுக் கிமோனோக்களும், விற்றுப் பிழைக்கலாம் என்று எடுத்துச்சென்ற ஏறத்தாழ 2000 சிறு ஓவியங்களும் இருந்தன. புறப்படும் முன் வீட்டின் பின்னால் இருந்த ஆற்றங்கரையில் மற்ற ஆயிரக்கணக்கான ஓவியங்களை எரித்துவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். இன்று நாம் பார்ப்பவை தப்பிப் பிழைத்தவை.

நியூயார்க் காலத்தை விரைந்து கடக்கிறேன், அது எல்லா நூல்களிலும் இருக்கிறது. 1959 அக்டோபரில் பிராட்டா காட்சிக்கூடத்தில் வைத்த வெள்ளை ‘முடிவிலி வலைகள்’, அவற்றைப் பாராட்டி எழுதி ஒன்றை விலைக்கும் வாங்கிய கலைஞர் டொனால்ட் ஜட், பஞ்சு அடைத்துத் தைத்த ஆணுறுப்பு வடிவங்களால் மூடிய 1962ஆம் ஆண்டின் நாற்காலி, 1966இல் வெனிஸ் பியனாலேயில் புல்வெளியில் பரப்பி ஒன்று 1200 லிரா என்று விற்ற 1500 கண்ணாடிப் பந்துகள். இவற்றுக்கிடையே இரண்டு படைப்புகளை மட்டும் நிறுத்திப் பார்ப்போம்.

ஒன்று, 1962இல் செய்த ‘விமான அஞ்சல் ஒட்டிகள்’. இப்போது நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் உள்ளது. ஆளுயரக் கேன்வாஸ் முழுவதும் அஞ்சல் உறையில் ஒட்டும் சிறு ஒட்டிகளை வரிசை வரிசையாக ஒட்டியிருக்கிறார். வரிசை நேராகத்தான் தொடங்குகிறது. கை நடுங்குவதும், சலிப்பதும், மறுபடி ஊக்கம் கொள்வதும் ஒட்டிகளின் சாய்வில் தெரிகின்றன. அதே ஆண்டில் நியூயார்க்கில் வேறு பலரும் அச்சிட்ட ஒரே உருவத்தைத் திரும்பத் திரும்ப அடுக்கத் தொடங்கினார்கள். அவர்களுடையது கடையின் அடுக்கு. இது வீட்டைவிட்டு வெகுதூரம் வந்துவிட்ட ஒருவர் அனுப்பாத கடிதங்களின் அடுக்கு.

இரண்டாவது, 1963 டிசம்பரில் கெர்ட்ரூட் ஸ்டைன் காட்சிக்கூடத்தில் வைத்த படகு. தைத்த உறுப்புகள் அப்பிய ஒரு துடுப்புப் படகு அறையின் நடுவில் நிற்கும். சுற்றுச் சுவரிலும் கூரையிலும் அதே படகின் புகைப்படம் 999 சுவரொட்டிகளாக ஒட்டப்பட்டிருக்கும். படகு இன்று ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலிக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1966இல் ஆண்டி வார்ஹால் மாட்டுத்தலை அச்சிட்ட தாளால் காட்சிக்கூடச் சுவரை மூடியபோது, அந்த யோசனை தன்னிடமிருந்து போனது என்று குசாமா உறுதியாக நம்பினார். தேதிகள் அவர் பக்கம் இருக்கின்றன. பாராசூட் ஆலையில் ஊசி பிடித்த கைதான் இந்தப் படகையும் தைத்தது என்று எண்ணும்போது, போருக்கும் நியூயார்க்குக்கும் இடையே ஒரு நூல் ஓடுவதாகவே எனக்குப் படுகிறது.

தாளுக்குத் திரும்புவோம். ஜோசப் கார்னெல் என்ற அமெரிக்கக் கலைஞர். சிறு மரப்பெட்டிக்குள் பறவைப் படம், வரைபடம், கண்ணாடிக் கிண்ணம் என்று வைத்துத் தனி உலகங்களைச் செய்தவர். குசாமாவைவிட இருபத்தைந்து வயது மூத்தவர். தாயோடும் நோயுற்ற தம்பியோடும் ஒதுங்கி வாழ்ந்தவர். இருவருக்கும் நெருங்கிய நட்பு மலர்ந்தது. குசாமா பணத்துக்குத் திண்டாடிய 1964இல், கார்னெல் அவருடைய மாட்சுமோட்டோக் கால நீர்வண்ணப் படங்கள் நான்கை வாங்கிக்கொண்டார். ‘ஆழ்ந்த துயரம்’ என்பது அவற்றில் ஒன்றின் தலைப்பு. அந்த நான்கும் இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பின்னாளில் தெருவில் நிர்வாண ஆர்ப்பாட்டங்கள் நடத்திப் பத்திரிகைகளின் வாயில் விழுந்த குசாமாவிடம், அவருடைய மிக அமைதியான படங்களைத் தேடி வாங்கிய கண் கார்னெலுடையது. எனக்கு அவர்மேல் பெருமதிப்பு உண்டு.

கார்னெல் 1972 டிசம்பரில் இறந்தார். 1973இல் குசாமா உடல்நலம் கெட்டு ஜப்பான் திரும்பினார். 1974இல் தந்தையும் போனார். ஊரில் அவர் பெயர் ஓர் அவமானமாகவே பேசப்பட்டது. அந்தக் காலத்தில் பிறந்தவைதான் நான் இன்று உங்களிடம் ஒப்படைக்க வந்த படைப்புகளில் முதன்மையானவை. 1975 முதல் செய்த ஒட்டுச்சித்திரங்கள். கார்னெல் கொடுத்திருந்த படத்துண்டுகள் அவரிடம் இருந்தன. பறவைகள், பூச்சிகள், விலங்குகள், பத்திரிகைகளிலிருந்து நறுக்கியவை. அவற்றைத் தாளில் ஒட்டி, சுற்றிலும் மையாலும் பாஸ்டலாலும் இருளைக் கட்டியெழுப்பினார். 1975 டிசம்பரில் டோக்கியோவில் நிஷிமுரா காட்சிக்கூடத்தில் அவற்றை வைத்தபோது கண்காட்சிக்கு இட்ட பெயரே பாதாள உலகிலிருந்து வரும் மரணச் செய்தி என்ற பொருளுடையது.

‘இப்போது நீ இறந்துவிட்டாய்’, ‘வீடு திரும்பும் ஆன்மா’. இரண்டும் 1975ஆம் ஆண்டுப் படங்கள். கத்தரித்த பறவையின் விளிம்பை ஒட்டிப் புள்ளிகள் மெல்ல நெருங்கி, இறகு எங்கே முடிகிறது, இரவு எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் செய்துவிடுகின்றன. கார்னெலின் கத்தரி கண்டெடுத்ததை, அவர் இல்லாத பிறகு, குசாமாவின் கை தொடர்ந்து முடிக்கிறது. இறந்த நண்பரோடு சேர்ந்து செய்த படங்கள் இவை. இரங்கற்பாடல் மரபு நீண்டு வளர்ந்த மொழி நம்முடையது. அந்த மரபில் ஊறியவர்கள் இந்தத் தாள்களின் முன் நின்றால் விளக்கம் தேவைப்படாது. 1977இல் ‘போரின் பேரலைகள்’ போன்ற படங்களில் அதே முறை போரைப் பற்றிப் பேசுகிறது. அதே ஆண்டுதான் அவர் டோக்கியோவின் ஒரு மனநல மருத்துவமனையில் தாமே விரும்பி நிலையாகத் தங்கத் தொடங்கினார். அருகில் ஓர் ஓவியக்கூடம் அமைத்துக்கொண்டு, பகலில் அங்கே வேலை, இரவில் மருத்துவமனை என்று பல பத்தாண்டுகள் வாழ்ந்தார்.

அவருடைய எழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1978இல் தற்கொலை எண்ணத்தையும் மன்ஹாட்டனையும் பேசும் முதல் நாவல் வந்தது. 1983இல் கிறிஸ்டோபர் தெருவைக் களமாகக் கொண்ட கதைக்காக ஜப்பானில் புதிய எழுத்தாளர்களுக்கான பரிசு ஒன்றைப் பெற்றார். அவருடைய எழுத்து அவருடைய கோட்டுக்கு ஈடாகாது என்பது என் கருத்து. தன்வரலாற்றில் கறுப்பின மக்களைப் பற்றி இழிவாக எழுதியிருந்த வரிகளுக்காக 2023இல் அவர் மன்னிப்புக் கேட்டார். அந்த வரிகள் கண்டிக்கத்தக்கவை. பெரிய கலைஞர் என்பதற்காக அவற்றை நாம் மழுப்ப வேண்டியதில்லை.

மீண்டும் உலகம் அவரைக் கண்டெடுத்தது மெதுவாகத்தான். 1987இல் கிடாக்யூஷூவில், ஜப்பானில் அவருடைய முதல் பின்னோக்குக் கண்காட்சி. 1989இல் கலை ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா மன்றோ நியூயார்க்கில் நடத்திய இன்னொன்று. 1993இல் அகிரா ததேஹாதாவின் பொறுப்பில், வெனிஸ் பியனாலேயின் ஜப்பான் அரங்கு முழுவதும் இவருக்கு ஒதுக்கப்பட்டது. 1966இல் பந்து விற்றதற்காக அவரைத் தடுத்த அதே பியனாலே!

புகழ் வந்த பிறகு ஒரு கலைஞர் தன் முத்திரையைத் திரும்பத் திரும்ப அச்சடித்துக்கொண்டிருப்பது எளிது. சந்தை அதைத்தான் கேட்கும். குசாமா எழுபத்தைந்து வயதில், 2004இல், வேறொன்று செய்தார். வெள்ளைக் கேன்வாஸைக் கிடையாக வைத்து, கறுப்பு மார்க்கரை மட்டும் கையிலெடுத்தார். வண்ணம் இல்லை, கண்ணாடி இல்லை, உதவியாளர் நிரப்புவதற்கு இடமில்லை. அழிக்கவும் முடியாது. 2007 வரை ஐம்பது படங்கள். ஒரு பக்கமாகத் திரும்பிய பெண் முகங்கள், இமை மயிரோடு கூடிய கண்கள், பூக்கள், நாய்கள், தேநீர்க் கோப்பைகள், பற்கள் போல் விளிம்பு கொண்ட புழு வடிவங்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. டகாகோ மாட்சுமோட்டோ எடுத்து 2008இல் வெளியான ஆவணப்படம் இந்த ஐம்பதும் உருவாவதைப் பக்கத்திலிருந்து காட்டுகிறது. முன்வரைவு எதுவும் இல்லை. ஒரு மூலையில் தொடங்கிய கோடு, கை தயங்காமல், மறுமூலை வரை போய்ச்சேர்கிறது. பத்து வயதில் தாயின் முகத்தில் புள்ளி வைத்த அதே சிறுமி, பென்சிலுக்குப் பதில் மார்க்கரோடு அங்கே உட்கார்ந்திருக்கிறாள். இவற்றைச் சில்க் ஸ்கிரீன் அச்சாகப் பல இடங்களில் காட்டுகிறார்கள். முடிந்தால் மூலத்தைப் பாருங்கள். மார்க்கர் முனை காய்ந்து கோடு மங்கும் இடமும், புதிய மார்க்கரை எடுத்த இடமும் அதில்தான் உயிரோடிருக்கும்.

பூசணியும் கண்ணாடி அறையும் நாளை இல்லாமல் போனாலும், 1950களின் தாள்கள், 1975இன் ஒட்டுச்சித்திரங்கள், இந்த ஐம்பது கறுப்புக் கோட்டுப் படங்கள் ஆகிய மூன்றும் மட்டும் எஞ்சினால் போதும். கடந்த நூற்றாண்டின் முதல் வரிசைக் கோட்டோவியர்களில் குசாமாவை வைக்க நான் தயங்க மாட்டேன். இந்த மூன்றும் பார்க்க ஆளில்லாமலோ, பார்த்தவர்கள் கேட்காமலோ அவர் செய்தவை என்பதையும் கவனியுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சிங்கப்பூரில் 2017இலும் ஹாங்காங்கில் 2022இலும் அவருடைய பெரிய கண்காட்சிகள் நடந்தன. மறுபடியும் நம் எட்டும் தூரத்தில் நடக்கும். ஜப்பான் போக வாய்ப்புக் கிடைத்தால், டோக்கியோவோடு நிறுத்தாமல், 2002இல் திறந்த மாட்சுமோட்டோ நகரக் கலை அருங்காட்சியகத்துக்கும் போங்கள். எங்கே பார்த்தாலும் கண்ணாடி அறையின் வரிசையில் சேர்வதற்கு முன்னால் தாள்கள் தொங்கும் அறைக்குப் போங்கள். ஒரு தாளின் முன் பத்து நிமிடம் நில்லுங்கள். படம் எடுக்க வேண்டாம். முடிந்தால் உங்கள் குறிப்பேட்டில் அதைப் பார்த்து வரையுங்கள். துறையினருக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: அவருடைய ஆரம்பகாலத் தாள் ஓவியங்களும் ஒட்டுச்சித்திரங்களும் நல்ல அச்சில் அடங்கிய ஒரு தொகுப்பை இந்த ஆண்டே நூலகத்துக்கு வாங்குங்கள். இந்த அறக்கட்டளையின் சார்பில் எனக்கு அளிக்கும் தொகையை அதற்கே எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.